பூனைக்குப் பால் சல்லி

புள்ள,

நம் பூனை நேற்று பாலைக் குடிக்கவில்லை. இத்தனை நாள் பக்கத்து வீட்டில் அதற்குச் சோறு வைத்தார்கள்; நேற்றுத்தான் நானே பால்காரரைக் கூப்பிட்டு வாங்கி, அதன் அலுமினியக் கிண்ணத்தில் ஊற்றி முன்னால் வைத்தேன். மோந்து பார்த்தது. அசிங்கத்தை மண் தள்ளி மூடுவதுபோலத் தரையைப் பிறாண்டிவிட்டு நடந்துபோனது. எனக்கு வந்ததே கோபம்! பூனை மேல் இல்லை, பால்காரர் மேல். நீ கண்ணை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கேட்க ஆளில்லை என்று கெட்ட பாலைத் தள்ளிவிட்டாரே என்று நினைத்தேன்.

ஏற்கெனவே நான் நொந்துபோய்க் கிடக்கிறேன். எஸ்டேட்டில் நிரந்தர வேலை உனக்குத்தான், நான் தினக்கூலி. லயத்து வீடு உன் பேரில் வந்தது. நீ இல்லை என்றானதும், மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். இந்தப் பூனையைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பேன்?

இன்று காலை தேவர்சோலை ரோட்டில் பால்காரரை மறித்தேன். "இத்தனை வருசமா வாங்குற பாலு, நேத்து மட்டும் ஏன்யா கெட்டுப்போச்சு?" என்று கத்தினேன். அவர் கேனை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, உங்க ஊட்டுக்கு நான் பால் ஊத்துனதே நேத்துத்தானுங்களே!"

தூக்கிவாரிப் போட்டது. பின்னால் வந்த ஜீப் ஹாரன் அடித்தும் எனக்கு நகரத் தோன்றவில்லை.

சிலோனை விட்டுக் கிளம்பிய காலையில், லயத்து வாசலிலிருந்து லாரி வரைக்கும் நம் பூனை கறுப்பி கூடவே ஓடி வந்தது. கப்பலில் பூனையை ஏற்ற மாட்டார்கள் என்றார்கள். நீ அழுதாய். நான் மூட்டையைத் தூக்கி லாரியில் ஏற்றினேன். மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்த முதல் மழையில், தேயிலைத் தூருக்குள் இந்தக் குட்டி கத்தியது. அன்றைக்கே சொன்னேன்: "இதுக்கு ஒரு குறையும் வெக்கப்படாது. பால் சல்லி மாசாமாசம் நான் தாறேன்."

மற்றதற்கெல்லாம் என் கை எப்படி என்று உனக்குத் தெரியும். ஒரு ரவிக்கைத் துணிக்கு நான் போடும் சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஒருமுறை நீ இடம் வாங்கலாம் என்று வாயெடுத்தபோது, "ஊரே இல்லாததுகளுக்கு இடம் ஒரு கேடா" என்று எரிந்து விழுந்தேன். நீ அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பூனைக்கென்றால் மட்டும் மடி தானாக அவிழும்.

சாயங்காலம் நான் வரும்போது கிண்ணத்தில் வெள்ளையாக இருக்கும். நாம் குடிப்பதோ வெறும் தேத்தண்ணி. வீட்டில் பால் இருக்கிறதா இல்லையா என்று நான் எங்கே கண்டேன்! "பாலைக் குடிச்சு எப்படி மினுக்குது பாத்தியா?" என்று பெருமை அடிப்பேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதுவாய். அது கஞ்சித் தண்ணியாம், பால்காரர் சொல்கிறார், புள்ள! கருவாட்டுத் தலையைக் கசக்கிப் போட்ட கஞ்சித் தண்ணி! பால்காரருக்குத் தெரிந்திருக்கிறது, பூனைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. அடிப்பாவி, சிரிப்பை எப்படித்தான் அடக்கினாய்?

"அப்ப அந்தச் சல்லியெல்லாம்?" என்று கேட்டேன்.

பால்காரர் என்னைத் தன் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால் நாலு மூலைக்கு நாலு எல்லைக் கல். ஒரு கல் மேல் மேரக்காய்க் கொடி ஏறிக் காய்த்துத் தொங்கியது.

"ரெண்டு சென்ட்டுங்க. இந்த எடத்துக்கு அக்கா மாசாமாசம் காசு குடுத்துட்டே வந்தாங்க. பாதிக்கு மேல தீந்துருச்சு. கொடியும் அவங்க வெச்சதுதானுங்க. முழுசாத் தீர்ற வரைக்கும் அண்ணன்கிட்டச் சொல்லிராதீங்கன்னாங்க. ஷெட்டுப் போட்டுட்டு வந்துருங்க, மீதிய மெதுவாப் பாத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமைதோறும் மேரக்காய்க் கூட்டு வைப்பாயே. சந்தையில் சும்மா கொடுத்தார்கள் என்பாய். அது நம் இடத்துக் காயா? நம் இடத்துக் காயைத் தின்றுகொண்டா, நமக்கு ஊரில்லை என்று உன்னிடம் பேசிக்கொண்டிருந்தேன்? அந்தக் கல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதர் பார்க்கிறாரே என்றுகூட வெட்கப்படாமல் அழுதேன்.

பூனைக்கு இனிமேல் கஞ்சிதான். கருவாட்டுத் தலையும் வாங்கிவிட்டேன்.

அந்தக் கல்லிலிருந்து எழுந்திருக்கும்போது சட்டைப் பையில் கை போட்டேன். நீ இல்லாவிட்டாலும் இந்த மாதத்துப் பால் சல்லியைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். அதைப் பால்காரரிடம் நீட்டினேன்.

"இது எதுக்குங்கண்ணா?"

"பூனைக்குப் பாலு," என்றேன்.