கயிற்றுக்கு அந்தப் பக்கம்

ஆர்ஹுஸ், டென்மார்க், நவம்பர்

அக்காவுக்கு,

ஆறு வருடத்துக்குப் பின் எழுதுகிறேன்.

இன்று காலை நம் தோட்டத்துக்குப் போனேன். நடுவில் கயிறு கட்டிப் பிரித்ததிலிருந்து உன் பாதியை நான் பார்ப்பதில்லை. இன்று பார்த்தேன். உறைபனியில் உன் டேலியாச் செடிகள் கறுத்துத் தொங்கின. உறைபனிக்கு முன் எடுத்து உள்ளே வைக்க வேண்டிய கிழங்குகளைத் தோண்டாமல் விட்டிருந்தாய். என் பாதியிலோ ரோஜாக்களுக்கு மண் அணைத்து, குளிர் தாக்காமலிருக்க மேலே ஊசியிலைக் கிளைகளை யாரோ நெருக்கமாகப் பரப்பியிருந்தார்கள். என் இடத்தில் யார் கைவைத்தது என்று பக்கத்துத் தோட்டத்துப் பிரெபெனிடம் கத்தினேன்.

"கத்தாதப்பா. உன் அக்காதான். 'அந்தச் சோம்பேறி குளிர் வந்தப்புறம்தான் முழிப்பான், அவனோடத முதல்ல முடிச்சிடறேன்'னாங்க. கடைசிக் கிளையை வச்சிட்டு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே உக்காந்துட்டாங்க. ஆம்புலன்ஸ்லதான் கொண்டுபோனோம். உனக்குச் சொல்லலாம்னா, நீ யாரு ஃபோனையும் எடுக்கறதில்லையே."

அம்மா இறந்தபோதும், நான் ஃபோனை எடுக்கவில்லை என்று நீ இதையேதான் சொன்னாய், அக்கா. நான் நம்பவில்லை.

வெகுநேரம் அந்தக் கிளைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உன் பக்கம் போய்த் தோண்டினேன். மேலே இருந்த சில கிழங்குகள் கூழாகிவிட்டன. மற்றவை கெட்டியாக இருக்கின்றன. என் நிலவறையில், மணலில் வைத்திருக்கிறேன். மே மாதம் நீயே வந்து நட வேண்டும். அம்மா விஷயத்தில் உன்னோடு எனக்குச் சண்டை பாக்கி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவளோடு அதைப் போட முடியாது.

நடுவில் இருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டேன். கிழங்குக் கூடையைக் கட்ட வேறு கயிறு கிடைக்கவில்லை.

உன் தம்பி