அத்தை முதலைக்குஞ்சு பார்த்த அன்று

உடுமலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

மௌனிகா எழுதுவது. அத்தை, பெரியவள் கனிஷ்கா, பாப்பா எல்லோரும் சுகம். மஸ்கட்டில் வெயில் கடுமையாமே, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனில் பாப்பா பேச்சை எடுத்தாலே வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதமென்றால் கடைசிவரை படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

விடுப்பு முடிந்து அமராவதி அணை முதலைப் பண்ணைக்கு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டேன். முதலைகள் முட்டையிட்ட குழிகளில் வெப்பமானி புதைத்துச் சூட்டைக் குறிக்கும் அதே ஆராய்ச்சிதான். பாப்பாவுக்குப் பால் கொடுக்க வேண்டுமே என்று வியாழக்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு அத்தையையும் கூட்டிப் போனேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். இரண்டாவதும் பெண்ணானதற்கு என் உடம்புச் சூடுதான் காரணம் என்று அவர் சொல்லிவந்தது உங்களுக்கும் தெரியும்.

அன்று ஒரு குழிக்குள் குஞ்சுகள் கத்தின. தாய் முதலை வந்து மண்ணைக் கிளறி, குஞ்சுகளை வாயில் கவ்வித் தண்ணீரில் கொண்டுபோய் விட்டது. அத்தை வேலியோரம் அசையாமல் நின்றார். அத்தனை பல்லு இருந்தும் ஒரு கீறல் படலையே கண்ணு என்றார். எது ஆண், எது பெண் என்று கேட்டார்.

பார்த்துச் சொல்ல முடியாது அத்தை, முட்டையிடும்போது இரண்டுமே இல்லை, குழியின் சூடுதான் முடிவு செய்யும் என்றேன். மண் கொஞ்சம் குளிர்ந்திருந்தால் பெண், ஒன்றிரண்டு டிகிரி கூடினால் ஆண், இன்னும் ஏறினால் மறுபடி பெண்ணும் கலந்து வரும். மனுசருக்கும் அப்படித்தானா அம்மணி என்றார். இல்லை, நமக்குக் கரு உண்டாகும்போதே முடிவாகிவிடும், அது அப்பாவின் உயிரணுவைப் பொறுத்தது, ஆனால் அவர் கையிலும் இல்லை என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் தன் கதையைச் சொன்னார். உங்கள் அக்காக்கள் இரண்டு பேரும் பிறந்தபிறகு, உடம்புச் சூட்டைத் தணிக்கிறேன் என்று உங்கள் அப்பாத்தா தினமும் வேப்பிலைச் சாறு கொடுத்தாராம். ஒரு தப்பும் செய்யாம அத்தனை கசப்பையும் குடிச்சுப்போட்டேன், அதையே உனக்கும் ஊத்தப் பாத்தனே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதுவிட்டேன்.

இப்போது தினமும் பாப்பாவைக் குளிக்க ஊற்றுவது அத்தைதான். பெயர் மட்டும் இன்னும் வைக்கவில்லை. அப்பன் வந்து காதுல சொல்லட்டும் என்கிறார்.

பழனியாண்டவர் துணையிருப்பார். எப்படியாவது லீவு போட்டு வாருங்கள் மாமா. அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். இடது கன்னத்தில் குழி விழுகிறது, உங்களுக்கு விழுவதுபோலவே.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
மௌனிகா