ஏற்றத்துக்கு ஒரு கேம்ஷாஃப்ட்

மார்ச் 2, திங்கள்

நேற்று கணவாய்ப் பாதையில் எட்டாவது கொண்டை ஊசி வளைவு. நான்காவது கியர். முன்னால் மரம் ஏற்றிய லாரி. பின் சீட்டிலிருந்து ஹெல்மெட் மைக்கில் என் வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "திணறுது." கியரைக் குறைத்தேன், லாரியைத் தாண்டினேன். வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றும்போது, மே மாதப் பயணத்துக்கு என்னை மட்டும் போய்விட்டு வரச் சொன்னார்.

என்னை மட்டும்! கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகிறது என்று போகிற பயணம். அதில் பாதிக் கல்யாணம் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்குமாம்.

ஆயிரத்து எழுநூறு சிசி பைக், ஒரு சின்ன யானைக்குட்டி கனம். அது திணறுகிறது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆனால் இவர் சொன்னது பொய்யில்லை. இரண்டு பேர், இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பெரிய பெட்டி. ஏற்றத்தில் இழுவை போதவில்லை என்பது எனக்கும் ஒரு வருடமாகத் தெரியும்.

எஞ்சினுக்குள் இருக்கிற கேம்ஷாஃப்டை மாற்றப் போகிறேன். மே மாதம் இவர் என் பின் சீட்டில் இருப்பார். முடிவெடுத்தாயிற்று.

மார்ச் 4, புதன்

தம்பியிடம் சொன்னது என் தப்பு. "அக்கா, போடுறதே போடுறே, பெருசாப் போடு" என்று ஆரம்பித்தவன் ஒரு மணி நேரம் ஃபோனை வைக்கவில்லை. ரேஸ் வண்டிகளைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. ஓட்டுவது ஸ்கூட்டர்.

மார்ச் 7, சனி

மெக்கானிக் அதிகம் பேசாத ஆள். பழைய கேம் ஒன்றைக் கையில் கொடுத்தார். ஒரு தண்டு, அதில் முட்டை வடிவத்தில் மேடுகள். தண்டு சுற்றச் சுற்ற மேடு வால்வைத் தள்ளித் திறக்கும். எவ்வளவு உயரம் திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, எப்போது மூடுகிறது — சமாச்சாரம் அவ்வளவுதான். வால்வு நெடுநேரம் திறந்திருந்தால் எஞ்சின் மேல் வேகத்தில் நன்றாக மூச்சு விடும், கீழே சோம்பும். சீக்கிரம் மூடினால் கீழேயே இழுவை கிடைக்கும், மேலே போனால் தளர்ந்துவிடும். இரண்டும் ஒரே தண்டில் கிடைக்காது.

பிறகு ஒரு கேள்வி கேட்டார். ஏற்றத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று, அதாவது எத்தனை ஆர்பிஎம்மில் ஓட்டுகிறேன்?

தெரியவில்லை. பதினெட்டு வருடமாகக் கடை கடையாகப் போய் எடை மெஷின்களைச் சோதித்து முத்திரை குத்துகிறவள் நான். பத்து கிராம் கூடினால் விடமாட்டேன். என் வண்டியின் அளவு எனக்குத் தெரியவில்லை. மெக்கானிக் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மார்ச் 8, ஞாயிறு

மலைக்குக் கூப்பிட்டேன். அலுப்பாக இருக்கிறதாம், இவர் வரவில்லை. வராவிட்டால் போகட்டும், எனக்கு வேண்டியது இவருடைய எடைதானே? எழுபத்தொரு கிலோ. அலுவலகத்தில் கழித்துப் போட்ட பழைய எடைக்கற்கள் கொல்லைப்புறத்தில் கிடக்கின்றன. இருபதில் மூன்று, பத்தில் ஒன்று, ஒரு கிலோ ஒன்று. கோணியில் சுற்றி, பின் சீட்டில் பட்டையால் இறுக்கிக் கட்டினேன். இவர் வாசலில் நின்று பார்த்தார். "என்னைவிட அது நல்லா உட்கார்ந்திருக்கு" என்றார்.

டேங்கின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, ஒவ்வொரு வளைவு தாண்டியதும் நிறுத்தி ஆர்பிஎம்மை எழுதினேன். பதினான்கு வளைவுகள். எழுதியதெல்லாம் இரண்டாயிரத்து இருநூறுக்கும் மூவாயிரத்துக்கும் நடுவில்.

மார்ச் 15, ஞாயிறு

மறுபடியும் கோணி, மறுபடியும் மலை. அதே எண்கள். ஒரே ஒரு முறை மூவாயிரத்து நானூறு. அதுவும் ஒரு பஸ்காரன் ஹாரன் அடித்து வெறுப்பேற்றியதால்.

மார்ச் 18, புதன்

தம்பியின் நண்பர் ஒருவர் பெரிய கேம் போட்ட வண்டி வைத்திருக்கிறார். ஓட்டிப் பார்த்தேன். நாலாயிரத்தைத் தாண்டியதும் தூக்கிக்கொண்டு பறக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாயிரத்தில் குலுங்கிக் குலுங்கி, கியரைக் குறை, கியரைக் குறை என்று கெஞ்சுகிறது. நான் வாழ்கிற இடம் இரண்டாயிரத்து ஐந்நூறு. நாலாயிரத்துக்கு விருந்தாளியாகக்கூடப் போவதில்லை.

சின்ன கேம்தான். சீக்கிரம் மூடுகிற ரகம். வால்வு ஸ்பிரிங்கைக்கூட மாற்ற வேண்டாம். தம்பிக்கு முகம் தொங்கிவிட்டது. தொங்கட்டும்.

மார்ச் 28, சனி

கேம் மாட்டியாயிற்று. கூடவே அதைச் சார்ந்த பாகங்கள்: புது டாப்பெட், புது செயின் டென்ஷனர். கம்ப்யூட்டரில் டியூனிங்கும் முடிந்தது. மெக்கானிக் காட்டிய கிராஃபில் பழைய கோடு குன்று மாதிரி மெல்ல ஏறுகிறது. புதுக் கோடு இரண்டாயிரத்திலேயே எழுந்து மேசை மாதிரி நிற்கிறது. அதைப் பிரேம் போட்டு மாட்டலாமா என்று யோசித்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

கோணியோடு மலை ஏறினேன். எட்டாவது வளைவு, நான்காவது கியர், கிளட்ச்சில் கை வைக்கவே இல்லை. வெண்ணெய்! ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். அளந்து எடுத்த முடிவு, வேறெப்படி இருக்கும்?

அடுத்த ஞாயிறு கோணிக்கு விடுமுறை. இவரை ஏற்றிக் காட்டுகிறேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

எட்டாவது வளைவு. நான்காவது கியர். வண்டி அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"திணறுது."

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே இறக்கி விட்டிருப்பேன். வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்தோம். நேராகப் போய்ப் படுத்துக்கொண்டார். பகல் பன்னிரண்டு மணிக்கு!

ஏப்ரல் 6, திங்கள்

அரை நாள் லீவு போட்டுவிட்டு மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போனேன். அவர் வாதாடவில்லை. சாவியை வாங்கி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். வண்டியில் ஒன்றும் இல்லை என்றார். அப்படியானால் அந்த மனிதர் பொய் சொல்கிறாரா என்றேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"எது திணறுதுன்னு சார் சொன்னார், மேடம்?"

எது?

சொல்லவில்லை. மார்ச் ஒன்றாம் தேதியும் சொல்லவில்லை, நேற்றும் சொல்லவில்லை. வண்டி திணறுது என்று இவர் சொல்லவே இல்லை. நானாக வண்டி என்று போட்டுக்கொண்டேன். கடைக்காரர் மெஷின் தப்பு என்பார், நான் முதலில் எடைக்கல்லைப் பார் என்பேன். பதினெட்டு வருடமாக இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்லை நான் பார்த்தேனா? கல்லைக் கட்டிக்கொண்டு போனேன், மனுஷனை வீட்டில் விட்டுவிட்டு.

சாவியைத் திரும்ப வாங்கவே தோன்றவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தேன்.

ஏப்ரல் 6, அதே நாள்

கேட்டேன். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். உங்களுக்கா, வண்டிக்கா என்று கேட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"எனக்குத்தான். மூச்சு முட்டுச்சு. நீ உடனே கியரைக் குறைச்சே. சரி, வண்டின்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

எத்தனை நாளா? ஆறேழு மாசமா. ஆபீஸ் மாடிப்படியில் பாதியில் நின்று, யாரோ கூப்பிட்ட மாதிரி ஃபோனைக் காதில் வைத்துக்கொள்வாராம். ஏறுகிறவர்கள் ஏறிப் போகட்டும் என்று. ஆறேழு மாசம்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நான் பைத்தியக்காரி மாதிரி கோணி கட்டிக்கிட்டு மலைக்கும் வீட்டுக்கும் அலையறேன், வாசல்ல நின்னு ஜோக் அடிக்கத் தெரியுது, வாயைத் திறந்து சொல்லத் தெரியல.

"சொன்னா நீ வண்டியை வித்துடுவே" என்றார்.

விற்றிருப்பேன். அன்றைக்கே. அது இவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்துத்தான் அழுதேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருந்தாலும் பரவாயில்லை.

ஏப்ரல் 8, புதன்

ஹீமோகுளோபின் ஏழு. இருக்க வேண்டியதில் பாதி. பாதி ரத்தத்தை வைத்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறார்.

வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுவீர்களா என்று டாக்டரம்மா கேட்டார். இவர் அவருக்குப் பதில் சொல்வதற்கு முன் என்னைப் பார்த்தார். வண்டியில் கிளம்புகிற ஒவ்வொரு நாளும் இரண்டு மாத்திரை. முதுகு வலிக்காகவாம். ஒன்பது வருடமாக.

வயிற்றில் புண். கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்திருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டரம்மா. அந்த நல்ல நேரம் எப்படி வந்தது என்று நான் விளக்கவில்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். உதட்டில் நிறம் வந்திருக்கிறது. இவருடைய உதடு வெளுத்திருந்ததே இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

தம்பி பார்க்க வந்தான். பெரிய கேம் போட்டிருந்தால் இது எப்போதோ தெரிந்திருக்கும் என்கிறான். இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவரைச் சிரிக்க வைக்காதே என்று அவனை விரட்டினேன்.

மே 24, ஞாயிறு

இன்றோடு இருபத்தைந்து வருடம். எங்கும் போகவில்லை. ஹீமோகுளோபின் பத்தரை. காலையில் எங்கள் வீட்டு மாடிப்படியை நிற்காமல் ஏறி, மேலே நின்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஜூன் 13, சனி

முதுகு டாக்டர் சொன்ன அளவில் மெக்கானிக் பின் சீட்டுக்கு ஒரு சாய்மானம் செய்திருக்கிறார். இவரை உட்கார வைத்தேதான் அளவெடுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். இடுப்பு எங்கே வருகிறது, தோள் எங்கே வருகிறது, எங்கே அழுத்துகிறது — ஒரு மணி நேரம் இவரையே கேட்டேன். முதல் இருபது நிமிடம் "பரவாயில்ல", "பரவாயில்ல". இன்னொரு முறை பரவாயில்லை என்றால் இந்த ஊர் முழுக்கச் சொல்லி மானத்தை வாங்குவேன் என்றேன். அப்புறம் மெதுவாக, இடது பக்கம் குத்துகிறது என்றார்.

ஜூலை 4, சனி

கணவாய் உச்சியில், விடுதி அறையில் எழுதுகிறேன்.

ஒன்றரை மணி நேரத்து ஏற்றம். நாங்கள் எடுத்துக்கொண்டது ஐந்து மணி நேரம். முதல் வளைவிலேயே தொடங்கிவிட்டார். முட்டி மடங்கியே இருக்கு, நிறுத்து. நிறுத்தினேன். ஜாக்கெட் காலர் கழுத்தை அறுக்குது. பிரேக்கை ஏன் இப்படிப் போடுறே? புது கேம் வந்ததிலிருந்து சைலன்சர் சத்தம் ஒரு தினுசா இருக்கு, எனக்குப் பழைய சத்தம்தான் பிடிக்கும். வெயில் கண்ணில் அடிக்குது, அந்தப் பக்கமா நிறுத்து. பதினோரு முறை நிறுத்தியிருப்பேன். லாரிக்காரர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்துப் பழகிவிட்டார்கள்.

இவ்வளவு குறை சொல்கிற மனிதரோடு இருபத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியது எனக்கே தெரியாமல் போயிற்று.

இப்போது போர்வை சின்னதாக இருக்கிறதாம், கால் வெளியே வருகிறதாம். எழுதிக்கொண்டிருக்கிறேன், இருங்கள் என்றேன். "இருக்க முடியாது, குளிருது" என்கிறார். எழுந்து போய் இன்னொன்று கேட்டு வாங்கி வர வேண்டும்.