கொஞ்சம் நீலம் இருக்கட்டும்

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

உங்களோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தது செய்ததுதான். எழுதுவது பேச்சில் சேராது. அதனால் எழுதுகிறேன்.

என் மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். பெற்றவளை வார்டு வாசலில் நிறுத்தி, "அத்தை, நீங்க வீட்டுக்குப் போய் மீன்தொட்டியைப் பாத்துக்குங்க"ன்னு சொன்னீர்கள். நீங்கள் போட்டிருந்தது பச்சைச் சட்டை, மேல் பொத்தான் கிடையாது. லிஃப்டுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எதுவும் மறக்காது.

தொட்டியைப் பார்க்கிறேன். பகலெல்லாம் அதன் முன்னால்தான். கூரையில் தண்ணீர் வெளிச்சம் ஆடுகிறது, நானும் அடியில் கிடக்கிற மாதிரி இருக்கிறது. கல்லெல்லாம் பச்சைப் பாசி, தலைமுடி மாதிரி. அவள் ஆசையாக வாங்கி வைத்த பவளம், பூப்போல விரியுமே, அது மூடிக்கொண்டது. செத்துப்போனால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? மீனுக்குக் குறை வைக்கவில்லை. கண்ணாடிப் பக்கம் வரும்போதெல்லாம் போடுகிறேன்.

அவள் சாப்பிடுகிறாளா?

மாமியார்

மார்ச் 9

அன்புள்ள அத்தைக்கு,

சாப்பிடுகிறாள். டாக்டர் சொன்ன அளவுதான்.

தீனிதான் கோளாறு. மீன் தின்று கழிப்பதும் தின்னாமல் மிச்சம் விடுவதும் தண்ணீரில் பாஸ்பேட்டாகச் சேரும். பாசிக்கு அது உரம். மிஞ்சினால் பவளத்துக்கு ஆகாது. மீன் எப்போதும் பட்டினி கிடந்த மாதிரித்தான் முகத்தை வைத்துக்கொள்ளும், நம்பாதீர்கள்.

உறைந்த தீனியை டீ வடிகட்டியில் வைத்து, ஃபில்டர் தண்ணீரில் அலசி, காலையில் ஒரு சிட்டிகை மட்டும் போடுங்கள். மேசை டிராயரில் சின்னக் கண்ணாடிக் குப்பி இருக்கும். தொட்டித் தண்ணீரை அதில் எடுத்து, பொட்டலத்துப் பொடியைப் போட்டுக் குலுக்கினால் நீலமாகும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். சிங்க் அடியில் ஒரு டப்பாவில் துரு நிறத்து மணிகள் இருக்கின்றன. ஒரு ஸ்பூன் அளவு துணிப்பையில் கட்டித் தொட்டியின் ஃபில்டருக்குள் வையுங்கள், பாஸ்பேட்டை மெதுவாக இழுத்துக்கொள்ளும். அவசரம் வேண்டாம்.

அன்புடன்,
மாப்பிள்ளை

மார்ச் 17

மாப்பிள்ளைக்கு,

குப்பியைக் குலுக்கினேன். என்ன நீலம் அது! ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் பள்ளிக்கூடத்துப் பாவாடை அதே நீலம்தான். கொடியில் காயும்போது அதற்குள் புகுந்து ஒளிந்துகொள்வாள். எங்கேயோ போய்விட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் திரும்பி வந்தேன்.

ஒரு ஸ்பூன் என்று எழுதியிருந்தீர்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே பாதி பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் போன ஆள் நீங்கள். உங்கள் கை அவ்வளவுதான். நான் டப்பாவையே கொட்டிக் கட்டினேன். குப்பியில் துளி நீலம் இல்லாமல் வெறும் தண்ணீராகத் தெளிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று உங்கள் போட்டோவைப் பார்த்துச் சிரித்தேன்.

இன்று பவளம் வெளிறிச் சுருங்கிக் கிடக்கிறது. என்ன செய்ய? சீக்கிரம் எழுதுங்கள்.

மாமியார்

மார்ச் 20

அன்புள்ள அத்தைக்கு,

அந்தப் பையை உடனே எடுத்துவிடுங்கள். பாஸ்பேட் அடியோடு இல்லாமல் போனாலும் பவளம் வாடும். அதற்கும் துளி வேண்டும். முழுக்கத் துடைத்துவிடக் கூடாது. சிட்டிகைத் தீனியை நிறுத்தாமல் போடுங்கள், தானாகத் தேறும்.

வாசலில் சொன்னதற்குக் காரணத்தையும் எழுதிவிடுகிறேன். அவள் தலையணைக்கு அடியில் நீங்கள் பலகாரம் ஒளித்துவைத்து ஊட்டினீர்களே, அப்போது வயிற்றில் ஆபரேஷன் தையல்கூட ஆறவில்லை. வலியில் துடித்துப் போனாள். "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க. தொட்டியைப் பாத்துக்கச் சொல்லுங்க, அவங்க கைக்கு ஏதாவது வேலை வேணும்"னு கேட்டது அவள்தான். அவளுக்குக் கொடுத்த வாக்கை இன்று மீறிவிட்டேன்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 6

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுப் பேனாவைத் தொடவே பிடிக்கவில்லை. தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மீன்கள் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சிட்டிகை போட்டாகிவிட்டது, அதற்கு மேல் கிடையாது என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பிள்ளை பெற்றதுகூட இவ்வளவு கஷ்டமில்லை.

இன்று சாயங்காலம் பவளம் விரிந்தது. ஒவ்வொரு விரலாக, தூக்கத்தில் குழந்தை கையைத் திறக்குமே, அப்படி. குப்பியில் லேசான நீலம், விடிகிற நேரத்து வானம் மாதிரி. அப்படியே விட்டுவிட்டேன்.

வார்டு வாசலை நான் மறக்கவில்லை. அந்தப் பாதி பிஸ்கட்டையும்தான். முழுக்கத் துடைக்கக் கூடாது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? கொஞ்சம் இருக்கட்டும்.

நான் எப்போது வரட்டும்? கையில் ஒன்றும் கொண்டுவர மாட்டேன். வாசலிலேயே பையைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பூனை நீங்களே கொடுங்கள், எவ்வளவு என்றும் நீங்களே சொல்லுங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தை