பூட்டிய வீட்டில் ரோபோ படம்

ஜனவரி 8, 2025

இன்றும் என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் போனார்கள், அவரும் அத்தையும். செராமிக் எஸ்டேட்டில் எங்கள் பீங்கான் பொம்மை யூனிட் இருக்கிறது. சூளை பற்றவைத்த நாளென்றால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். கருவேப்பிலங்குறிச்சி ஸ்கூலில் டீச்சர் வேலைக்கு நான் சொல்லாமல் மனுப் போட்டதற்குத்தான் இந்தப் பூட்டு. "ஊரு கெட்டுக் கெடக்குது பிரபா, உன் நல்லதுக்குத்தான்" என்கிறார். நல்லதாம்.

ஒரு வசதி உண்டு. பூட்டிய வீட்டில் சத்தம் இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டு, போர்வைக்குள் உட்கார்ந்து சிவசங்கரிக்குப் பேசி அனுப்பினேன். காலேஜ் தோழி. பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு, வெளிநாட்டுப் படங்களின் கதையைத் தமிழில் சொல்லும் சேனல் நடத்துகிறாள். குரல் என்னுடையது, அவள் கொஞ்சம் கனமாக்கிப் போடுவாள். இப்போது ரோபோ படங்கள்தான் ஓடுகின்றன. மனிதன் செய்த மெஷின் அவன் பேச்சைக் கேட்காமல் போகிற கதைகள். அனுப்பியதும் போனில் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். அவர் பார்ப்பார்.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். யூனிட் லீவு. எல்லோரும் வீட்டில், வாயைத் திறக்க வழியில்லை.

ஜனவரி 21

சாப்பிடும்போது அவர் போனில் என் குரல்.

"இந்தப் பொண்ணு எப்படிச் சொல்லுது பாரு. படமே பாக்க வேணாம். யூனிட்ல பெயிண்ட் அடிக்கிறவங்க எல்லாம் இதத்தான் போட்டுக் கேக்குறாங்க. நீயும் இருக்கியே, கேட்டாத்தான் ரெண்டு வார்த்த."

குழம்பு ஊற்றினேன். அவருக்கு என் குரல் தெரியவில்லை. ஆறு வருஷமாச்சு கல்யாணமாகி. சந்தோஷப்படணுமா, அழணுமா?

பிப்ரவரி 3

தப்புப் பண்ணிட்டேன். வெள்ளைக்காரப் பெயர்கள் கேட்கிறவர்கள் மனதில் நிற்காது என்று, கதை சொல்கிற நாங்கள் படத்தில் வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு தமிழ்ப் பெயர் வைத்துவிடுவோம். ரோபோவைச் செய்த விஞ்ஞானிக்கு இன்று என் வாயில் வந்த பெயர் அன்புச்செல்வன். அவர் பெயர். தாலி ஏறியதிலிருந்து நான் வாய்விட்டுச் சொல்லாத பெயர். அழித்துவிட்டுத் திரும்பப் பேசியிருக்கலாம், பேசவில்லை. படத்தில் அந்த ஆளையே ரோபோ உள்ளே வைத்துப் பூட்டுகிறது. எத்தனை தடவை அந்தப் பெயரைச் சொன்னேனோ. வாய் இனித்தது. இப்போது பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 6

பயந்த மாதிரி நடக்கவில்லை. யூனிட்டில் எல்லோரும் அவரைக் கிண்டல் செய்தார்களாம். "ஓனரே, வூட்டுல மிக்சிகிட்ட ஜாக்கிரதையா இருங்க" என்றாராம் சூளை பார்க்கும் தங்கராசு. அவருக்கு ஒரே பெருமை, தன் பெயரில் ஒரு விஞ்ஞானி என்று. அத்தை மட்டும் சிரிக்கவில்லை, என்னையே பார்த்தார்.

பிப்ரவரி 19

சிவசங்கரி படம் எதுவும் அனுப்பவில்லை. நானே ஒன்று சொன்னேன். ஒருத்தன் வீட்டு வேலைக்கு ரோபோ செய்கிறான். சமைக்கும், துவைக்கும். அது தானாக யோசிக்க ஆரம்பித்ததும் வெளியே பூட்டிவிட்டுப் போகிறான். அது கதவைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. அதற்கு மேல் எனக்கே தெரியவில்லை, அப்படியே நிறுத்திவிட்டேன்.

சிவசங்கரி என்ன படம் என்று கேட்கவில்லை. ஏதேதோ படங்களின் காட்சிகளை வெட்டி ஒட்டி அப்படியே போட்டுவிட்டாள். "எப்ப வேணா இங்க வா" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

பிப்ரவரி 24

அவர் அதைப் பார்த்துவிட்டார். "இது என்னா முட்டாள் மெஷினு? அவ்ளோ அறிவு வந்துடுச்சு, இன்னும் கதவையே பாத்துக்கினு நிக்குது."

"அது போயிட்டா அந்த ஆளு என்னங்க பண்ணுவாரு?" கேட்டேவிட்டேன்.

"என்னா பண்ணுவான்? வேற ஒண்ணு செஞ்சிக்குவான். இன்னும் ரெண்டு அப்பளம் வை."

வைத்தேன். வேற ஒண்ணு. அவ்ளோதானா நான்?

மார்ச் 11

நாளைக்கு மாசி மகம். மணிமுத்தாற்றில் மாமாவுக்குத் திதி. நானும் வரணுமாம், நாலு பேர் கேட்பார்கள் இல்லையா.

மார்ச் 12

பாண்டி பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது.

ஆறு முழுக்கத் தலைகள். ஐயர் முன்னால் அவர் விரலில் தர்ப்பையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எள்ளும் தண்ணியும் விட ஆரம்பித்துவிட்டால் முடிகிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. அப்போதுதான் உறைத்தது — இவரால் இப்போது எழுந்து வர முடியாது. அதுவரைக்கும் எந்தத் திட்டமும் இல்லை, சத்தியமாக. பின்னே இந்த நோட்டை ஏன் பையில் எடுத்து வைத்தேன்?

"தண்ணி குடிச்சிட்டு வரேன் அத்த" என்றேன். கையைப் பிடித்தார். "பாத்துப் போ" என்று விட்டுவிட்டார். தண்ணிக்குத்தான் சொன்னாரா? தெரியலை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் திரும்பிப் பாக்கலை. செருப்பு ஆத்தங்கரையிலேயே கெடக்குது.

மார்ச் 16, பாண்டிச்சேரி

அவர் போன் செய்தார். "வந்துடு, இனிமே பூட்ட மாட்டேன்" என்றார்.

நான் பேசினேன். வேலை, பூட்டு, ஆறு வருஷம், எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒழுங்காக, நிறுத்தாமல் சொன்னேன். அவர் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை.

"பிரபா, அந்த ரோபோ படம் சொல்ற பொண்ணு... நீயா?"

"ஆமாங்க."



"அந்தக் கதவப் பாத்துக்கினு நிக்கிற மெஷினு, அது எந்தப் படம்? தேடித் தேடிப் பாத்தேன், கெடைக்கல."

"அப்படி ஒரு படமே இல்லீங்க" என்றேன்.