ஆங்கிலத்தைப் பின்னால் அடுக்கிய புத்தகம்

அன்பு நிறைந்த மேடலின் அக்கா,

நீங்கள் கண்ணை மூடி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. நாம் சேர்ந்து வேலை செய்த வெக்ஸ்போர்ட் அச்சுக்கடையில் உங்கள் கதிரையில் இப்போது ஒரு போர்த்துக்கீசப் பெண் இருக்கிறாள். நல்ல பிள்ளைதான். ஆனால் என் இடியப்பத்தில் பாதியைக் கேட்காமல் எடுத்துச் சாப்பிட அவளுக்குத் தெரியாது.

உங்களை அக்கா என்று முதன்முதல் கூப்பிட்டபோது அர்த்தம் கேட்டீர்கள். சொன்னேன். அப்படியென்றால் இனி நான் சொல்வதை நீ கேட்க வேண்டும் என்றீர்கள். பிறகு ஒரு நாளாவது என்னை விட்டுவைத்தீர்களா?

அந்தக் கதையை நீங்கள் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? அப்பாவோடு உறைந்த ஆற்றுக்குப் போய், பனிக்கட்டியில் துளை போட்டு ஈட்டியால் விலாங்கு மீன் குத்தும் சிறுமியின் கதை. உங்கள் ஊரான நோவா ஸ்கோஷியாவில் உங்கள் பழங்குடி ஆட்கள் பேசும் மிக்மாக் மொழியில் எழுதி, படமும் நீங்களே கீறியிருந்தீர்கள். ஒரு தாளில் மிக்மாக், அடுத்த தாளில் அதே பகுதி ஆங்கிலத்தில்.

சின்ன வயதில் அந்த மொழியைப் பேசியதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர் நீங்கள். அந்தப் பயத்தில் உங்கள் மகள் க்ளேருக்கு ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கு ஒன்பது வயதாகிவிட்டது, இனியும் விட்டால் என்னோடு முடிந்துவிடும் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னீர்கள். அப்போது என் மகளுக்கும் அதே வயது. அவளுக்கு நானும் தமிழ் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

நாற்பது பிரதிகள். தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் பின் அடிப்பது என் வேலை. பக்க எண் போட நீங்கள் மறந்துவிட்டீர்கள். மிக்மாக்கும் ஆங்கிலமும் ஒரே ஆங்கில எழுத்தில்தான் இருந்தன. நான் என்ன செய்தேன்? எனக்குப் புரியாத தாள்களை எல்லாம் முன்னுக்கு வைத்தேன், புரிந்தவற்றை எல்லாம் பின்னுக்கு வைத்தேன். நாற்பதையும் அப்படியே அடித்து முடித்து, கெட்டிக்காரன் மாதிரி உங்கள் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

விரித்துப் பார்த்ததும் உங்கள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. பக்கத்துத் தாளில் ஆங்கிலம் இல்லாவிட்டால் பிள்ளைகள் எப்படி வாசிப்பார்கள் என்று கேட்டீர்கள். அதற்குள் முதலாளி வந்துவிட்டார். அந்த மாதம் ஏற்கெனவே அவரிடம் ஒரு பிழைக்கு ஏச்சு வாங்கியிருந்தேன். யார் இப்படிச் செய்தது என்று கேட்டார்.

"நான்தான் அப்பிடி அடுக்கச் சொன்னனான்" என்றீர்கள். நீங்கள் ஆங்கிலத்தில்தான் சொன்னீர்கள். எனக்கு இன்றைக்கும் அது தமிழில்தான் கேட்கிறது.

அடுத்த கிழமை சிரித்துக்கொண்டு வந்தீர்கள். க்ளேர் பின்னுக்குத் திருப்பிப் பார்க்கப் பஞ்சிப்பட்டு, அந்தச் சோம்பலில் ஒவ்வொரு சொல்லாக உங்களிடமே கேட்கிறாளாம். விலாங்குக்கு என்ன, துளைக்கு என்ன, அப்பாவுக்கு என்ன என்று. சொல்லச் சொல்ல, அடிக்குப் பயந்து விழுங்கின சொற்களெல்லாம் உங்களுக்குத் திரும்பி வந்ததாம். சொல்லிவிட்டு அழுதீர்கள். நானும் அழுதேன், அக்கா.

இப்போது செய்திக்கு வருகிறேன். போன சனிக்கிழமை க்ளேர் கடைக்கு வந்தாள். இப்போது பதினைந்து வயது, என்னைவிட உயர்ந்துவிட்டாள். கையில் ஒரு கொப்பி, தாள் முழுக்க உங்கள் கையெழுத்து. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் நீங்கள் எழுதிய இரண்டாவது கதை. அதன் ஆங்கிலத்தை மட்டும் அவள் எழுதியிருக்கிறாள். உங்கள் ஊரில் இருக்கும் சித்தியின் பிள்ளைகளுக்கு அனுப்பப் போகிறாளாம்.

"அம்மா வச்ச மாதிரியே வையுங்கோ, அங்கிள். இங்கிலிஷ் கடைசியிலை" என்றாள்.

அது என் பிழை என்று நீங்கள் அவளுக்குச் சொல்லவேயில்லையா? நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் கொப்பியைத் திறந்து முதல் பக்கத்தை மிக்மாக்கில் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். உங்கள் பேச்சின் இழுவை அப்படியே இருந்தது. ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை, கேட்டுக்கொண்டே நின்றேன்.

நேற்று என் மகளுக்கும் ஒரு சின்னக் கதை எழுதத் தொடங்கினேன். முன்னுக்குத் தமிழ். வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, what's this word?" என்று கேட்டாள். சொன்னேன். அடுத்ததையும் கேட்டாள்.

க்ளேரிடம் உண்மையைச் சொல்லுவேன், புத்தகம் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. இந்த முறை பக்க எண் நானே போடுகிறேன். உங்கள் மொழி முன்னுக்கு இருக்கும், இது சத்தியம். தமிழில் எழுதிய இந்தக் கடிதம் உங்களுக்கு விளங்காது என்றும் தெரியும். பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன், அக்கா. அவசரப்பட்டுத் திருப்பாதீர்கள்.

இடியப்பத்தில் உங்கள் பாதியை வைத்திருக்கும்
தம்பி