இடப்பக்க இருக்கையின் எடை

3.2.2025, திங்கள்

காலையில் குளிர், சால்வை தேவைப்பட்டது. பிறகு நல்ல வெயில். தொம்மலூரில் ரியாஸின் பட்டறை. புது என்ஜின் முதல் திருகலிலேயே உயிர்பெற்றது. புது என்பது பிழை. விபத்தில் நசுங்கிய ஒரு குடும்பக் காரிலிருந்து எடுத்தது. ஆனால் 1967 மாடலான என் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு அது பேரன் வயது. பழைய என்ஜினின் உடலில் விரிசல், வேறு வழியில்லை. ஆர்.டி.ஓ. அனுமதியும் பெற்றாயிற்று.

அடுத்த திங்கள், 10-ஆம் தேதி, எங்கள் திருமணத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு. 1975-இலும் அது திங்களே. (சரிபார்த்தேன்.) காலைப் பூசை, பிறகு ஆனேக்கலில் ஸ்டெல்லாவின் தங்கை வீட்டில் விருந்து. இந்த வண்டியில்தான் இருவரும் போவது.

ஸ்டெ. இதில் ஏறிப் பல ஆண்டுகள். 23.8.2009, ஞாயிறு: ஆனேக்கல் போகும் வழியில் சந்தாபுரம் தாண்டி வண்டி நின்றுவிட்டது. பட்டுச்சேலையோடு அவளைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினேன். இப்போது அவளுடைய நிபந்தனை இரண்டு.

"உங்க வண்டி வழியில நிக்கக் கூடாது. நான் பேசினா உங்களுக்குக் கேக்கணும்."

இரண்டும் நியாயம். இரண்டும் முடியும்.

4.2.2025, செவ்வாய்

நாள் முழுதும் புகைக்குழாய் வேலை. முன்பிருந்தது பெயருக்குத்தான் சைலன்சர். இப்போது இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. குழாய் பின் அச்சுக்கு மேலாக வளைந்து போகிறது. அங்கேதான் இடம் குறைவு.

ரியாஸ்: "சார், ரெண்டு பேரு உக்காந்தா பாடி இறங்கும். பைப்பு அச்சுல போயி இடிக்கும், பாருங்க."

"அத யோசிக்காம இருப்பேனா?"

விமானத் தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் பணி ஓய்வு பெற்றவனிடம் இதைச் சொல்ல வேண்டுமா? ஓட்டுநர் இருக்கையில் நான். பக்கத்து இருக்கையில் ஐம்பது கிலோ அரிசி மூட்டை. அதிலிருந்து இரண்டு கிலோவை எடுத்து வீட்டு டப்பாவில் கொட்டியாயிற்று.

"மேடம் அவ்ளோதானா சார்?"

"நாப்பத்தெட்டு."

தலையைச் சொறிந்தார். அவருக்கு எண்களில் நம்பிக்கை குறைவு.

6.2.2025, வியாழன்

மூட்டையுடன் ஓட்டம். அல்சூர் ஏரியைச் சுற்றி, பிறகு இந்திராநகர். எந்த ஹம்பிலும் (வேகத்தடை) இடி இல்லை.
ஆயில் கசிவு: இல்லை.
சூடு: சீர்.
சத்தம்: கீழ்க்குரல், கனமானது, கௌரவமானது. மூட்டையிடம் சில வாக்கியங்கள் பேசிப் பார்த்தேன், தெளிவாகக் கேட்டது. சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் என்னையும் மூட்டையையும் மாறிமாறிப் பார்த்தார்.
பல் மருத்துவர், சனி. தள்ளிப்போடவும்.

7.2.2025, வெள்ளி

ஸ்டெ.யுடன் வெள்ளோட்டம். தெருமுனை ஹம்பில், அடியில் 'டொம்'.

"என்னங்க அது?"

"ரோடு."

அடுத்ததிலும் 'டொம்'.

"இதுவும் ரோடா?"

நேரே பட்டறைக்கு விட்டேன். அச்சில் குழாய் இடித்த தடம், நாணய அளவுக்குப் பளபளப்பு. ரியாஸ் அதை விரலால் தடவிக் காட்டினார். அதுவே போதுமானதாக இருந்தது. அதற்குள் மூலையில் இருந்த அரிசி மூட்டையை ஸ்டெ. பார்த்துவிட்டாள். எதற்கும் சீட்டுக் கட்டி வைப்பது என் வழக்கம். சீட்டில்: 'ஸ்டெல்லா, 48 கிலோ'.

நின்று படித்தாள்.

"இது எந்த வருஷத்து ஸ்டெல்லா?"

"எண்பத்தொண்ணு, மார்ச். ஃபேக்டரி மெடிக்கல் கேம்ப்."

"அதுக்கப்புறம் என்னப் பாக்கவே இல்லையா?"

ரியாஸ் இருமிக்கொண்டே வெளியே போனார். ஸ்டெ. ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள். "திங்கக்கிழமை நான் பஸ்லயே போயிக்கிறேன். உங்க வண்டியில அரிசிய ஏத்திட்டு வாங்க."

சாப்பிடும்போது சரியான எடையைக் கேட்டேன். ரசம் வரவில்லை. அளவில் நேர்ந்த பிழை மட்டுமே இது, திருத்தக்கூடியது.

8.2.2025, சனி

காலையில் ஆனேக்கலிலிருந்து தங்கையின் தொலைபேசி. "அக்கா, பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பவா?" என்று சிரித்தாளாம். வைத்த கையோடு ஸ்டெ. சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"எடைய சொல்ல மாட்டேன். ஆள் வரேன். ஆள வச்சே வேலையப் பாருங்க. ஆனா ஒரு டொம் கேட்டாலும் இறங்கிருவேன்."

பட்டறைப் பள்ளத்தின் மேல் வண்டி. என் பக்கத்தில் அவள், மடியில் கைப்பை, காலடியில் தங்கைக்கு வாங்கிய குக்கர். (அதுவும் எடைதான். எனக்குத் தோன்றவில்லை.) ரியாஸ் பள்ளத்துக்குள் நின்று சாக்பீஸால் குறியிட்டார், குழாயைக் கழற்றி, வெளியே கொண்டுபோய் வெட்டி, வெல்டு செய்து, மறுபடி மாட்டினார். போதவில்லை. மறுபடியும் கழற்றினார்.

"ஆடாதீங்க மேடம்."

"நான் எங்கப்பா ஆடுறேன்? இவர்தான் ஸ்கேலத் தேடுறாரு."

உண்மை. ஸ்பிரிங் எவ்வளவு இறங்கியது என்று அளக்க நினைத்தேன். அது தெரிந்தால் எடையைக் கணக்கிட்டுவிடலாம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்கேலை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். ஆகவே அந்த ஓர் அளவு இங்கே இல்லை. குழாய்க்கும் அச்சுக்கும் நடுவே ரியாஸின் கட்டைவிரல் நுழைகிறது. போதும்.

9.2.2025, ஞாயிறு

டயர் காற்று. கண்ணாடி துடைப்பு. பட்டுச்சேலை இஸ்திரிக்கு. அரிசி சமையலறைக்குத் திரும்பியது, சீட்டைக் கிழித்தெறிந்தேன். மதியம் ரசம் இருந்தது.

10.2.2025, திங்கள்

வெளிர் வானம், காற்று இதம். பூசை முடிந்து புறப்பாடு. தெருமுனை ஹம்ப்: அமைதி. ஹொசூர் சாலை: அமைதி, அதாவது வண்டியிடமிருந்து. ஸ்டெ. இடைவிடாமல் பேசினாள்: பாதிரியாரின் பிரசங்கம், மருமகளின் சமையல், என் சட்டையின் காலர். ஒவ்வொரு சொல்லும் கேட்டது. கேட்கவில்லை என்று தப்பிக்க இனி வழியில்லை.

சந்தாபுரம் தாண்டியதும் என் கையைத் தொட்டாள்.

"இங்கதான? நிறுத்துங்க. என்ஜினையும் அணைங்க."

இங்கேதான். அன்றிருந்த புளியமரம் இல்லை, டயர்க் கடை இருக்கிறது. ஓரமாக நிறுத்தி அணைத்தேன். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்த ஆனேக்கல் பேருந்து எங்கள் அருகில் வேகம் குறைத்து நின்றது. நடத்துநர் படியில் தொங்கியபடி, "அஜ்ஜி, காடி கெட்டோய்த்தா? பன்னி, ஹத்தி" என்றார். வண்டி கெட்டுவிட்டதென்று நினைத்து, ஏறிக்கொள்ளச் சொல்கிறார்.

ஸ்டெ. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, போகும்படி கையை வீசினாள்.

"பேடப்பா. நம்ம வண்டி நல்லாத்தான் இருக்கு."

சாவியைத் திருப்பினேன். முதல் திருகலிலேயே.